ஓய்வெடுத்தது குற்றமா?

அறுபத்தைந்து வயதில் ஒரு மனிதர் வேலையை நிறுத்தினார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இது குற்றமா?

குற்றம்தான் என்று தீர்ப்புக் கூறினார்கள் அமெரிக்காவின் மஞ்சள் பத்திரிகை முதலாளிகள். பத்தாண்டுக் காலம் அவரைத் துரத்தினார்கள். 2024 ஜூலை 13 அன்று, எழுபத்தாறாவது பிறந்த நாளுக்கு மறுநாள், லாஸ் ஏஞ்சல்ஸில் தம் வீட்டிலேயே அவர் இறந்தார். அதன் பிறகுதான் அவருக்கு நிம்மதி கிடைத்தது. அவர் பெயர் ரிச்சர்ட் சிம்மன்ஸ்.

யார் இவர்? 1948இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். சிறு வயதில் உடல் பருத்து, கேலிக்கு ஆளானவர். 1974இல் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை ஆரம்பித்தார். கட்டுமஸ்தான உடம்புக்காரர்களுக்கே மரியாதை இருந்த ஊரில், பருத்தவர்களையும் வயதானவர்களையும், பிறர் பார்த்துச் சிரித்தவர்களையும் அவர் வாசலில் நின்று வரவேற்றார். 1980 முதல் 1984 வரை தொலைக்காட்சியில் தினசரி நிகழ்ச்சி நடத்தினார். 1988இல் பழைய பாட்டுக்களுக்கு ஆடிக்கொண்டே பயிற்சி செய்யும் வீடியோ நாடாவை வெளியிட்டார். அதில் அவரோடு ஆடியவர்களில் பலர் சாதாரண, பருத்த உடம்புக்காரர்கள். முகம் தெரியாத ஜனங்களுக்கு அவரே டெலிபோன் செய்து தைரியம் சொல்வார்; அவர்களோடு சேர்ந்து அழுவார்.

அவரும் வியாபாரம் செய்தவர்தான். வீடியோ நாடா விற்றார், உணவுத் திட்டச் சீட்டுக்கட்டு விற்றார், பணமும் சேர்த்தார். இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கேள்வி அதுவல்ல. விற்றது எது, விற்காதது எது என்பதே கேள்வி. பயிற்சி வகுப்பை விற்றார், நாடாவை விற்றார். தம் முதுமையை அவர் யாருக்கும் விற்கவில்லை!

2014 பிப்ரவரிக்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. விடை பெறும் விழாவும் இல்லை, அறிக்கையும் இல்லை. ஒரு முழங்காலில் அடிபட்டது, பிறகு மறு முழங்காலும் தொல்லை கொடுத்தது என்று பின்னால் அவரே கூறினார். நாற்பதாண்டுகள் குதித்தாடிய கால்கள் ஓய்வு கேட்டதில் என்ன மர்மம் இருக்கிறது?

மர்மம் இல்லாத இடத்தில் மர்மத்தை உற்பத்தி செய்தார்கள். 2016 மார்ச்சில் நியூயார்க் டெய்லி நியூஸ் ஒரு நீண்ட கட்டுரை போட்டது. வீட்டு வேலை செய்யும் பெண்ணே அவரைச் சிறை வைத்திருக்கிறாரோ என்ற சந்தேகத்தை அது ஊரெங்கும் பரப்பியது. அந்தப் பெண் பல்லாண்டுகளாக அந்த வீட்டில் உழைத்தவர். பதில் சொல்ல அவருக்குப் பத்திரிகை உண்டா, வானொலி உண்டா? பழி போடுவதற்குப் பணக்கார நாட்டிலும் முதலில் அகப்படுவது வேலைக்காரிதானா?

சிம்மன்ஸ் என்பிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டெலிபோன் மூலம் பேசினார். தம்மை யாரும் அடைத்து வைக்கவில்லை என்றார். நம்பினார்களா? இல்லை. 2017இல் “காணாமற்போன ரிச்சர்ட் சிம்மன்ஸ்” என்று பாட்காஸ்ட் ஒலித்தொடர் வந்தது. வீட்டிலிருக்கும் மனிதரைக் காணாமற்போனவர் என்று தலைப்பிட்டுத் தேடினார்கள். தொடர் பெருவெற்றி பெற்றது! போலீஸ்காரர்கள் நேரில் போய்ப் பார்த்து, அவர் நலமாக இருக்கிறார் என்று கூறிய பிறகும் வம்பு ஓயவில்லை. 2022இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியிலும் “உண்மையில் என்ன நடந்தது” என்று படம் காட்டினார்கள்.

இவர்கள் கூறும் சமாதானம் என்ன? “அக்கறை” என்கிறார்கள்.

நேசித்த ஜனங்கள் கவலைப்பட்டது நியாயம். தினமும் தைரியம் சொன்ன குரல் திடீரென்று நின்றால் யாருக்கும் மனம் பதறும். அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் அக்கறை உள்ளவன் கதவைத் தட்டுவான். “நலம்” என்று உள்ளிருந்து பதில் வந்தால் திரும்பிப் போவான். பதில் வந்த பிறகும் ஜன்னலடியில் நின்று டிக்கெட் விற்பவனுக்கு அக்கறை என்ற சொல்லை உச்சரிக்க என்ன யோக்கியதை?

2016 ஜூனில் நேஷனல் என்கொயரர் ஏடு, அவர் பெண்ணாக மாறி வருகிறார் என்று எழுதியது. அவர் மறுத்தார், 2017இல் வழக்குப் போட்டார். ஒருவரைத் திருநங்கை என்று கூறுவதே அவதூறாகாது என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. திருநங்கையாக இருப்பது இழிவல்ல. அந்த மட்டில் நீதிமன்றம் கூறியது சரி. ஆனால் ஒரு மனிதரின் உடம்பைப் பற்றி அவர் மறுக்கும் கதையை அட்டையில் போட்டு விற்கும் உரிமையை இவர்களுக்குக் கொடுத்தது யார்? முடிவில் பத்திரிகைக் கம்பெனியின் வக்கீல் செலவையும் அவர் தலையிலேயே கட்டினார்கள்!

அந்தக் கம்பெனியின் யோக்கியதையையும் பாருங்கள். 2016 தேர்தலில் டிரம்புக்குப் பாதகமாகாதபடி, ஒரு பெண்ணின் கதையை வெளிவராமல் அமுக்க 1,50,000 டாலர் கொடுத்ததை 2018இல் அரசாங்க வழக்கறிஞர்களிடம் அதுவே ஒப்புக்கொண்டது. அதிகாரத்தை நாடும் கோடீஸ்வரரின் ரகசியத்துக்குப் பூட்டு. முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கும் கிழவருக்குத் தம்பட்டம். இதுதான் இவர்களுடைய பத்திரிகைத் தர்மம்!

சிம்மன்ஸ் சொன்னதில் கேட்க வேண்டிய செய்தியும் இருந்தது. 2008 ஜூலையில் அவர் அமெரிக்கக் காங்கிரஸின் கமிட்டி முன் சாட்சி சொன்னார். பரீட்சை மதிப்பெண்ணே பிரதானம் என்றாகிவிட்ட பள்ளிகளில், எல்லாக் குழந்தைகளுக்கும் உடற்பயிற்சி வகுப்பு வேண்டும் என்று உருக்கமாக வாதாடினார். அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்த ஏடுகள், அந்தக் குழந்தைகளின் பள்ளி வாசலில் ஒரு நாளாவது காத்துக் கிடந்தனவா? ஆரோக்கியம் பொதுச் சொத்தாவதில் இவர்களுக்கு லாபமில்லை. ஆரோக்கியம் சொல்லிக் கொடுத்தவரின் நோயில்தான் லாபம்.

2024 ஜனவரியிலும், தம் வாழ்க்கையைப் படமாக்கத் தாம் சம்மதிக்கவில்லை என்றும், அமைதியாக வாழவே விரும்புவதாகவும் அவர் அறிவித்தார். அந்த மாதமே குறும்படம் திரைக்கு வந்தது.

நாம் கூறுவது இதுதான். உழைப்பவன் விற்பது உழைப்பை, ஆயுளை அல்ல. மில் தொழிலாளி ஆனாலும், ஆட்டக்காரர் ஆனாலும், வேலை முடிந்த பின் மிஞ்சும் நாட்கள் அவருடையவை. அந்த நாட்களில் நரையைக் காட்டுவதும் மறைப்பதும் அவர் இஷ்டம். கதவைத் திறப்பதும் சாத்துவதும் அவர் இஷ்டம். சிரித்த முகத்தை நாற்பதாண்டுகள் கொடுத்தவரிடம், சிரிக்காத முகத்தையும் கேட்பது அன்பல்ல, கந்துவட்டி!