பறிக்காத வெண்டைக்காய் யாருக்கு?



நம்ம பள்ளித் தோட்டத்தில் வெண்டை, கத்தரி, அரைக்கீரை, கறிவேப்பிலை எல்லாம் நல்லா வந்திருக்கு. ஆனால், "யாரும் பறிக்கக் கூடாது, அதிகாரி பார்வையிட வரும்போது அழகா இருக்கணும்" என்கிறார்கள். இது சரியா?

வெண்டைக்காய் யாருக்காகவும் காத்திருக்காது. பூ பூத்து ஒரு வாரத்துக்குள் பிஞ்சாகப் பறிச்சிடணும். நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடியணும். விட்டால் நார் கட்டி முற்றிப் போகும். முற்றிய காய் செடியிலேயே இருந்தால் புதுப்பூ வைப்பதும் குறைஞ்சிடும். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும்! அரைக்கீரையும் அப்படித்தான். வேரோடு பிடுங்காமல் அறுத்தால் மறுபடி துளிர்க்கும்.

1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவை இன்றும் நம்மில் பலர் சாப்பிடுகிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள், வகுப்புவாரியாக முறை வைத்துக் காலையிலேயே பறிப்போம். பறித்தது அன்றைக்கே சத்துணவுச் சாம்பாரில் சேரட்டும். விதைக்கு மட்டும் நாலு காயை முற்ற விடலாம். தினமும் தண்ணி ஊத்துறவங்க ருசியும் பார்க்க வேண்டாமா?

அதிகாரி வந்தால் எதைக் காட்டுவது என்கிறீர்களா? நம்ம சாப்பாட்டுத் தட்டைக் காட்டுவோம்!

சிந்திப்பீர்! செயல்படுவீர்!

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி