மணலுக்குப் பதில் தாமிரக் கசடு: தளம் தாங்குமா?

சென்னையில் வீடு கட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "சிமெண்டு வந்திடுது, கம்பி வந்திடுது... மணல்தான் சார் தலைவலி" என்பார்கள்.

பாலாறு, கொள்ளிடம் எல்லாம் தோண்டித் தோண்டிப் பள்ளமாகிவிட்டன. 2003-ல் மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டது. அப்படியும் தட்டுப்பாடு தீரவில்லை. இன்று நகரத்தில் ஓடுவது பெரும்பாலும் கருங்கல்லை உடைத்துச் செய்யும் 'எம்-சாண்ட்'தான். அதற்கும் ஒரு மலையை உடைத்தாக வேண்டுமே!

அதனால்தான் தொழிற்சாலைக் கழிவுப் பக்கம் கண் போயிருக்கிறது. கட்டட மணல், ஜல்லிக்கான 'ஐ.எஸ். 383' விதி 2016-ல் திருத்தப்பட்டது. தாமிரம் உருக்கும்போது மிஞ்சும் கறுப்புக் கசடை மணலோடு கலக்கலாம் என்றது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் 35 சதவீதம் வரை. கம்பி இல்லாததில் 40 வரை. அதற்கு மேல் கூடாது.

கசடு என்றால் எல்லாம் ஒன்றல்ல. உருக்காலைக் கசடுக்குக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் அறவே இடமில்லை. அதில் தங்கிவிடும் சுண்ணாம்பு பின்னாளில் ஈரம் பட்டு உப்பும். தளம் வெடிக்கும். 'எந்தக் கசடானால் என்ன, லோடு மலிவு' என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள்.

தண்ணீர்தான் வில்லன்!

தாமிரக் கசடு கண்ணாடி மாதிரி வழவழப்பு. மணல் அளவுக்குத் தண்ணீர் குடிக்காது. மேஸ்திரி பழைய கைக்கணக்கிலேயே வாளியைக் கவிழ்த்தால் தண்ணீர் மேலே ஊறி நிற்கும். அது காய்ந்து போன இடமெல்லாம் பொடி ஓட்டை. பலம் போச்சு! அளவோடு கலந்து, தண்ணீரைக் குறைத்துப் போட்டால் மணல் கான்கிரீட்டுக்கு இது இளைத்ததல்ல. ஆனால் மணலைவிட மூன்றில் ஒரு பங்கு கனம் அதிகம். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு 600 கிலோ மீட்டர். லாரி வாடகை என்னாவது?

உப்பாற்றங்கரையில்...

ஒரு டன் தாமிரம் எடுத்தால் இரண்டு டன்னுக்கு மேல் கசடு மிஞ்சும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக் கசடு உப்பாற்றின் ஓரத்திலும் பட்டா நிலங்களிலும் கொட்டப்பட்டது. அதை அகற்றவில்லை என்பது, 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று. மே 22-ல் துப்பாக்கிச் சூடு. 13 உயிர் போயிற்று. மே 28-ல் ஆலைக்குப் பூட்டு. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஆலையின் மனுவைத் தள்ளிவிட்டது.

கான்கிரீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் கசடு வேறு. ஆற்றோரம் மழையில் ஊறும் கசடு வேறு. 'கட்டுமானத்துக்குத்தானே போகுது' என்று சொல்லிப் பள்ளத்தில் கொட்டினால் அது கட்டுமானம் ஆகிவிடுமா?

நம்ம ஊர் எண்ணூர்ச் சாம்பலுக்கு வருவோம். மெல்லிய சாம்பல் சிமெண்டோடு சேரும். அது நல்ல சரக்கு. அடியில் தங்கும் கனச் சாம்பலுக்கு 2016 விதிப்படி தூணிலும் தளத்திலும் வேலையில்லை.

ரெடிமிக்ஸ் வாங்குகிறவர்கள் பில்லோடு கலவை விவரச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். மணலுக்குப் பதில் என்ன, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பதில் வரவில்லையா? கியூப் போட்டு, 28-ம் நாள் உடைத்துப் பார்க்கும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.