ஆசான் களம் நீங்கிய இரவு

பழவேற்காட்டு ஏரிக்கரையிலும், பொன்னேரிப் பகுதியின் கடலோரச் சிற்றூர்களிலும், வலை உலர்த்தும் மணலே மாலையில் பந்தாடும் திடலாகிவிடும் என்பதை நம் வாசகர்கள் அறிவர். அங்கு பந்துதைக்கும் பிள்ளைகளுக்குக் கேரளத்தின் மஞ்சள் சட்டை அணியைத் தெரியும். அதனை மூன்றாண்டுகள் பயிற்றுவித்த செர்பியர் ஒருவரைப் பற்றி இத்திங்கள் எழுதுகிறோம். அவர் செய்த ஒரு செயல் பெற்றோரும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

இவான் வுகோமனோவிச் 1977இல் பிறந்தவர். பிரான்சின் போர்தோ, ஜெர்மனியின் கொலோன், பெல்கிரேடின் ரெட் ஸ்டார் முதலிய கழகங்களில் ஆடியபின், பெல்ஜியத்திலும் ஸ்லோவாக்கியாவிலும் பயிற்சியாளரானார். (அப்பக்கத்தார் நமக்குப் புதியவர் அல்லர், 1984இல் இந்திய அணியை ஆசியக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற சிரிக் மிலோவானும் யுகோஸ்லாவியர்தாம்.) 2021இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை ஏற்றார். முதலாண்டிலேயே, 2022 மார்ச் 20 அன்று, கோவாவில் இறுதியாட்டம். 88ஆம் நிமிடம் வரை முன்னணியில் இருந்தும், ஐதராபாத்திடம் பெனால்டி உதைகளில் தோற்றனர். கோப்பை கிட்டவில்லை, ஆயினும் மலையாள மக்கள் அவரை ‘ஆசான்’ என்றே அழைத்தனர். நம் மொழிக்கும் உரிய அச்சொல்லை அயல்நாட்டார் ஒருவர் பெறுவது எளிதன்று.

2023 மார்ச் 3. பெங்களூரு. தோற்றவர் வெளியேறும் ஆட்டம்; கோலின்றிக் கூடுதல் நேரத்திற்குச் சென்றது. 96ஆம் நிமிடத்தில் பெங்களூருவுக்குத் தனியுதை கிடைத்தது. கேரளத்தார் தடுப்புச் சுவர் அமைத்து முடிக்குமுன் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் உதைத்துவிட்டார். எதிரணி 9.15 மீட்டர் விலகும்வரை காத்திராமல் உதைப்பதற்கு விதி இடந்தருகிறது. ஆனால் நடுவர் சுவருக்கு இடங்குறிக்கத் தொடங்கிவிட்டால், அவர் ஊதும்வரை பொறுத்தாகவேண்டும். இவ்விரண்டில் எது நிகழ்ந்தது என்பதே வழக்கு. நடுவர் கோல் என்றார். ஆசான் தம் வீரர்களை வெளியே அழைத்துக்கொண்டார்.

அவருடைய மனக்கொதிப்பு நமக்கு விளங்குகிறது. எனினும் அச்செயலை நாம் ஏற்பதற்கில்லை. இன்னும் 24 நிமிடங்கள் இருந்தன. ஒரு கோலைத் திருப்பியடிக்க அது போதாத நேரமா? அந்த வாய்ப்பைப் பறித்தவர் நடுவர் அல்லர். பழவேற்காட்டு மீனவர்க்கு இது நன்கு விளங்கும். ஏரியில் வலையிடும் இடங்களைப் ‘பாடு’ முறைப்படி ஊரார் சீட்டுப் போட்டு மாறிமாறிப் பகிர்கின்றனர். தமக்கு விழுந்த பாடு வாய்க்காததென்று ஒருவர் முறையையே உதறினால், நாளை எவர் பாடும் நிலைக்காது. குறையிருப்பின் ஊர்க்கூட்டத்தில் உரைக்கலாம். வலையை இட்டபின் உரைக்கலாம்.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கழகத்திற்கு 4 கோடி ரூபாயும், அவருக்கு 5 இலட்சமும் தண்டம் விதித்து, 10 ஆட்டங்களுக்கு அவரை விலக்கியது. ஏப்ரல் தொடக்கத்தில் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். தடைக்காலத்தில் துணைப் பயிற்சியாளர் பிராங்க் டாவன் அணியை நடத்தினார்.

2023 அக்டோபர் 27 அன்று கொச்சியில் ஒடிசாவுக்கு எதிராக ஆசான் மீண்டும் களத்தோரம் நின்றார். கேரளம் முதலில் ஒரு கோல் வாங்கியது. இம்முறை எவரும் வெளியேறவில்லை. 2–1 என வென்றனர். 2024 ஏப்ரலில் அவர் அணியைவிட்டு விலகினார், ஒரு கோப்பையும் இன்றி.