நூறு படங்களுக்கு ஒரே பந்தி

ஐபோன் செயலி ஒன்றில் நூறு புகைப்படங்களைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் சின்னதாக்கச் சொல்கிறார் ஒருவர். சில பத்துப் படங்கள் வரை ஒழுங்காக ஓடிய செயலி திடீரென்று மூடிக்கொள்கிறது. நிரலை எத்தனை முறை வாசித்தாலும் தப்பு கண்ணில் படாது.

கணக்குப் போட்டால் தெரியும். 12 மெகாபிக்சல் படம் கோப்பாக இருக்கும்போது சில எம்.பி.தான். நினைவகத்தில் விரித்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்.பி. ஆகிவிடும். நூறு படங்களுக்கு 4.8 ஜி.பி. ஒவ்வொரு படமும் வேலை முடிந்ததும் போய்விட வேண்டியதுதானே? போகாது.

ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் 'ஆட்டோரிலீஸ்' சொல்லப்பட்ட பொருள் உடனே விடுவிக்கப்படுவதில்லை; ஒரு பூலில் காத்திருக்கும். பந்தி முழுவதும் எழுந்த பிறகே இலை எடுப்பது போல, செயலியின் நடப்பு நிகழ்வுச் சுற்று (ரன் லூப்) முடிந்தபின்தான் பூல் காலியாகும். நூறு படங்களும் ஒரே சுற்றில் ஓடினால் நூறு இலையும் அப்படியே கிடக்கும். ஐ.ஓ.எஸ். பொறுக்காது, செயலியையே வெளியேற்றிவிடும். தீர்வு ஒரே வரி: லூப்புக்குள் ஒவ்வொரு படத்துக்கும் தனி ஆட்டோரிலீஸ் பூல்.

இந்த வரி ஏன் பலருக்குத் தோன்றுவதில்லை? 2011-இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஏ.ஆர்.சி. (தானியங்கிக் குறிப்பு எண்ணிக்கை) கொடுத்த சொகுசுதான் காரணம். அதற்கு முன் பொருளைப் பிடித்துவைக்கும் ரீடெய்ன், விடுவிக்கும் ரிலீஸ் எல்லாம் கையால் எழுத வேண்டியிருந்தது. ரீடெய்ன் ஒன்று குறைந்தால் செயலி விழும், ஒன்று கூடினால் நினைவகம் ஒழுகும். ஏ.ஆர்.சி. வந்ததும் கம்பைலரே அவற்றைச் செருகத் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். பயன்படாத பொருள்களைத் தானே தேடி அகற்றும் முறையாக 2007-இல் மேக்குக்குக் கொண்டுவந்த கார்பேஜ் கலெக்‌ஷனை ஐபோனுக்குத் தராமலே விட்டதும், 2016-இல் மேக்கிலிருந்தும் எடுத்துவிட்டதும் சரியான முடிவுகளே. முதல் ஐபோனின் நினைவகம் வெறும் 128 எம்.பி.!

ஆனால் பிடிப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளும் ஏ.ஆர்.சி., பூல் எப்போது காலியாக வேண்டும் என்று தீர்மானிப்பதில்லை. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் பிரித்துவிடுவதும் இல்லை; எந்தப் பக்கப் பிடி 'வீக்' (தளர்வானது) என்று எழுதுபவர்தான் சொல்லியாக வேண்டும். 2014-இல் வந்த ஸ்விஃப்ட் மொழியிலும் பழைய ஆப்பிள் நூலகங்களை அழைக்கும் இடங்களில் இதே பூல் சிக்கல் எட்டிப் பார்க்கிறது.

"ஏ.ஆர்.சி. பார்த்துக்கொள்ளும்" என்று பாடத்தைத் தாண்டிப் போகும் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு நன்மை செய்யவில்லை. ஒரு வாரமாவது ஏ.ஆர்.சி.யை அணைத்துவிட்டுக் கையால் எண்ணச் சொல்லலாம். பிறகு நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கருவியில், படங்களைச் சின்னதாக்கும் அதே லூப்பைப் பூல் இல்லாமல் ஒரு முறை, பூலோடு ஒரு முறை ஓட்டிக் காட்டலாம். முதல் தடவை நினைவகக் கோடு மலையேறும். அடுத்த தடவை ரம்பப் பல்லாக ஏறி இறங்கும்.