பாலைவனத்துக்கு ஒரு காரவான்

'காரவான்' என்பது பாரசீகச் சொல். பாலைவனத்தில் ஒட்டகங்களை வரிசையாக ஓட்டிச் செல்லும் வர்த்தகர் கூட்டத்துக்கு அப்பெயர். இந்நாளிலோ படுக்கையும் அடுப்பும் அமைந்த மோட்டார் வண்டிக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. நண்பர் ஒருவர் அத்தகைய வண்டியொன்றைச் சாரதியுடன் ஒரு நாளைக்கு நமக்கு இரவல் தந்தார். சொல்லுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? பாலைவனத்துக்கே போவதென்று தீர்மானித்துப் பங்குனி மாதத்து விடுமுறை நாளொன்றில் விடியுமுன் குடும்பத்தோடு கிளம்பினோம். சென்னைக்கு வடக்கே பொன்னேரியைத் தாண்டினால் திருப்பாலைவனம் வந்துவிடுகிறது.

மணற்காட்டை எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். பாலை மரங்கள் அடர்ந்த வனம் என்பதே ஊர்ப் பெயரின் பொருள். திருப்பாலீசுவரர் கோயிலில் இறங்கித் தரிசனம் செய்துவிட்டு வரும்போது நம் புதல்வன், "அப்பா, பாலைவனத்தில் தவளை கத்துகிறதே!" என்றான். பதினைந்து வருஷமாகத் தமிழ்ப் பாடம் நடத்தும் நமக்கு ஐந்திணையை விளக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஆனால் அதற்குள் பையன் வண்டிக்குள் தூங்கிப் போய்விட்டான்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் பழவேற்காடு. ஒரிஸாவின் சில்காவுக்கு அடுத்தபடி நம் தேசத்தில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும் பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்கோடி மாத்திரம் நம்முடையது. டச்சுக்காரர் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். 1690-இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய அதிகாரம் இங்கிருந்தே நடந்தது. நம் நெசவாளர் நெய்த துணியை வாங்கிக் கீழைத் தீவுகளில் கொடுத்து வாசனைப் பொருள் பெற்றார்கள். துணியோடு நின்றார்களா? பஞ்ச காலங்களில் மனிதர்களையும் விலைக்கு வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய இடுகாட்டு வாயிலில் எலும்புக்கூடுகள் இரண்டைக் கல்லில் வெகு நேர்த்தியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கப்பலேறிப் போனவர்களுக்கு ஒரு கல்லும் கிடையாது.

நிற்க. ஏரிக்கரையில் வண்டியின் பின்சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. சாரதி எவ்வளவு உறுமச் செய்தும் பயனில்லை. கோட்டைக்குப்பத்து மீனவர் எட்டுப் பேர் வந்து தூக்கிவிட்டார்கள். பணம் வாங்க மறுத்ததால் நம் சகதர்மிணி வண்டி அடுப்பிலேயே காப்பி போட்டுக் கொடுத்தாள். மற்றவர்கள் குடித்துவிட்டுப் போய்விட, பெரியவர் ஒருவர் மட்டும் நிழலில் உட்கார்ந்தார்.

"இன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லையா, பெரியவரே?" என்றோம்.

"ராத்திரிதான் பாடு, வாத்தியாரையா. இன்னிக்கு எங்க ஊர் முறை" என்றார் அவர்.

'பாடு' என்ற சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லும் அர்த்தம் வேறு. இங்கே அது ஒரு சட்டம். கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் இறால் நிறைய அகப்படும். அங்கே கழிகளை நட்டு, சுத்துவலை கட்டி, நீரோட்டத்தோடு வரும் இறாலை இரவில் பிடிப்பார்கள். எல்லோரும் ஒரே இடத்துக்குப் பாய்ந்தால் வெட்டுக்குத்து நேரும் அல்லவா? ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முறை வைத்துக்கொண்டிருக்கின்றன. எவருக்கு எந்த இடம் என்பது சீட்டில் விழும். நல்ல இடம் ஒருவனுக்கே என்றும் நிலைப்பதில்லை.

இதைக் கேட்டு நாம் பரவசமாகிவிட்டதைக் கண்ட சகதர்மிணி, "அதோ அவர்களுக்கும் சீட்டு உண்டா, ஐயா?" என்று கையைக் காட்டிக் கேட்டாள். முழங்கால் ஆழத்தில் இருளப் பெண்கள் இருவர் ஓலைப் பறியை வாயில் கவ்வியபடி தவழ்ந்து, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. "அவங்களுக்குப் பாடு கிடையாது, அம்மா" என்றார் பிறகு.

நம் பரவசம் சிறிது அடங்கியது உண்மை.

கடலில் பிறக்கும் இறால் குஞ்சாக ஏரிக்குள் நுழைந்து வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. முகத்துவாரம் அதற்கு வாசற்கதவு. மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் கதவைத் திறந்து வைக்கும். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும். அடைத்தால் இறாலும் வராது, படகும் கடலுக்குப் போகாது. நிலையாகத் திறந்திருக்கும்படி கருங்கல் தடுப்புகள் கட்டும் வேலையை அண்மையில் அரசாங்கம் மேற்கொண்டது. அதைப் பற்றிக் கேட்டதற்குப் பெரியவர், "கல்லு கேக்குதோ, மணலு கேக்குதோ, பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். பையன் அவருடைய டெலிபோன் எண்ணைக் குறித்துக்கொண்டான்.

வடக்கே நீருக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. பறவைக்கு அது பக்கத்து வீடு. காரவானோ பொன்னேரிக்குத் திரும்பிப் பெருஞ்சாலை ஏறி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்ப்பேட்டை என்று ஏரியை அரைவட்டமாகச் சுற்ற வேண்டியிருந்தது. வெயிலில் இந்தப் பகுதிப் பிரயாணம் வர்ணிக்கத் தக்கதன்று. சூலூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குச் செல்லும் சாலையில் திரும்பியதும் களைப்பெல்லாம் பறந்தது. இருபுறமும் ஏரி, மேல்வெளிச்சத்தில் பூநாரைகள் தலையைத் தண்ணீரில் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன. இச்சாலையின் முடிவிலிருந்துதான் 1980-இல் நம்மவர் செய்த ராக்கெட் முதன்முதலாக ரோகிணியை வானில் சேர்த்தது. 2023 ஜூலை 14-ஆம் தேதி சந்திரயான்-3 சந்திரனை நோக்கிக் கிளம்பியது. காவல் வாயிலுக்கு முன்பே வண்டியைத் திருப்பினோம்.

இரவு ஒன்பது மணிக்குச் சாலையோரம் உப்புமா கிண்டும்போது பையன் பெரியவரைக் கூப்பிட்டான். "தாத்தா, உங்களுக்கு நல்ல இடம் விழுந்ததா?"

"விழுந்துச்சு, கண்ணு. முதல் இடம். தண்ணிதான் ஓடலை."

"அப்படியானால்?"

"கழி நட்டு உக்காந்திருக்கோம். விடியுற வரைக்கும் எங்க முறைதானே!"

பையன் டெலிபோனை நம்மிடம் நீட்டினான். நாம் என்ன பேசுவது என்று தெரியாமல், சாப்பிட்டாகிவிட்டதா என்று விசாரித்தோம். கஞ்சி கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்.