மூலையில் ஒரு கப்பல்

கப்பலின் ஊதலுக்கும் சட்டம் உண்டு. 200 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பல் 70-லிருந்து 200 ஹெர்ட்ஸுக்குள் ஊத வேண்டும். 75 மீட்டருக்குக் குறைந்த கலம் என்றால் 250-லிருந்து 700 ஹெர்ட்ஸ். கடலில் மோதலைத் தவிர்க்க 1972-ல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகள் இப்படிப் பிரித்து வைத்திருக்கின்றன. மூடுபனியில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் காதுக்குத் தெரிந்துவிடும்: தடித்த குரல் என்றால் பெரிய உடம்பு.

கொச்சித் துறைமுகத்தின் நடுவே இருக்கும் வல்லார்பாடத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வரும்வரை எறணாகுளத்துக்குப் போகப் படகையே நம்பியிருந்த தீவு இது. 2011-ல் கன்டெய்னர் முனையம் செயல்படத் தொடங்கியதும் பெருங்கப்பல்கள் வாசலுக்கே வந்துவிட்டன. அந்தக் கப்பலின் குரலை, இன்னும் சொல்லப்போனால் அதைவிடத் தடித்த குரலை, வீட்டின் சின்ன அறையில் ஓர் அடிச் சதுரப் பெட்டியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பதுதான் ஹோம் தியேட்டர் வைப்பவரின் ஆசை. அந்தப் பெட்டியின் பெயர் சப்வூஃபர். 5.1 என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்களே, அதில் 'புள்ளி ஒன்று' இதுதான். வசனமும் பாட்டும் ஐந்து ஸ்பீக்கர்களுக்கு. இடியும் குண்டுவெடிப்பும் யானை நடப்பதும் இதற்கு.

தியேட்டர்கள் இந்த ஆசையைத் தூண்டிவிட்டவை. 1974-ல் வந்த 'எர்த்க்வேக்' படத்துக்காக ஹாலிவுட் அரங்குகளில் பிரம்மாண்டமான ஸ்பீக்கர்களை வைத்துத் தரையையே குலுக்கினார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்து தலையில் விழாமல் இருக்க வலை கட்ட வேண்டி வந்தது. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' 70 எம்.எம். பிரதிகளில், ஆறு ஒலித் தடங்களில் இரண்டை அடித்தொனிக்கென்றே ஒதுக்கினார்கள். கொச்சியின் நவோதயா நிறுவனம் 1982-ல் 'படையோட்டம்' எடுத்து மலையாளத்துக்கும் 70 எம்.எம்.மைக் கொண்டுவந்தது. தியேட்டரில் நெஞ்சு அதிர்ந்த தலைமுறை, இப்போது அதை வீட்டில் கேட்கிறது.

ஆனால் தியேட்டர் பெரியது, வீடு சின்னது. இங்கேதான் பௌதிகம் குறுக்கே வருகிறது. கே.எல்.எச். என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆண்டன் ஹாஃப்மனின் பெயரால் ஒரு விதி வழங்கி வருகிறது. சின்னப் பெட்டி, ஆழமான அடித்தொனி, குறைந்த மின்சக்தியில் உரத்த சத்தம் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டுதான் கிடைக்கும் என்கிறது அது. மிருதங்க வித்வான்களுக்கு இதில் பாதி தெரியும். இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பினால் தோல் கனத்து ஸ்ருதி இறங்கும். சின்ன சப்வூஃபரிலும் அதே கதைதான். கூம்பைக் கனமாக்கித் தொனியை இறக்குகிறார்கள். கனத்த கூம்பை அசைக்க அதிக சக்தி வேண்டும். 1990-களின் நடுவில் சன்ஃபயர் நிறுவனத்தின் பாப் கார்வர் 11 அங்குலக் கனசதுரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தபோது, அதற்குள் 2,700 வாட் ஆம்ப்ளிஃபயரை அடைத்தார். பெட்டி சின்னதாகும்போது வாட் கூடத்தான் வேண்டும்.

அதற்காக அட்டையில் உள்ள வாட் எண்ணை நம்பிவிடவும் முடியாது. பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட் காட்டுவது மலிவு செட்டுகளின் பழைய வழக்கம். அந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அதைவிட முக்கியமானது, எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும், அங்கே சத்தம் எத்தனை டெசிபல் குறைகிறது என்ற கேள்வி. '25 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் எழுதி டெசிபலை எழுதாமல் விட்டால் அந்த 25-க்குப் பொருள் இல்லை. அதே சத்தத்தோடு 50-லிருந்து 25-க்கு இறங்க வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ளியாக வேண்டும். 8 அங்குலக் கூம்புக்கு இது சிரமம். 12 அங்குலத்துக்குப் பரப்பளவு ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு என்பதால் கொஞ்சம் எளிது.

அடுத்த கேள்வி, பெட்டி மூடியதா, துளையிட்டதா? துளைப் பெட்டி கடத்தைப் போன்றது. உள்ளே அடைபட்ட காற்று வாய் வழியாக முன்னும் பின்னும் ஆடி, ஒரு குறிப்பிட்ட தொனியைத் தூக்கிக் கொடுக்கும். வித்வான் கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தும்போது அந்தக் 'கும்' மாறுவதைக் கச்சேரிக்குப் போனவர்கள் கேட்டிருப்பார்கள். துளைப் பெட்டியில் குறைந்த செலவில் அதிக சத்தம் கிடைக்கும். ஆனால் அந்தத் தொனிக்குக் கீழே சத்தம் செங்குத்தாக விழுந்துவிடும். மூடிய பெட்டியில் சத்தம் மெதுவாகவே சரியும்.

இந்த வித்தியாசம் நம் ஊர் அறைகளில் முக்கியமாகிறது. வெளிநாட்டுப் பத்திரிகைகளின் சிபாரிசுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் பலகை அடித்த வீடுகளை மனதில் வைத்து எழுதப்படுபவை. அந்தச் சுவர்கள் அடித்தொனியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும், கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். செங்கலும் கான்கிரீட்டும் அப்படி விடுவதில்லை, உள்ளேயே திருப்பியடிக்கின்றன. கதவைச் சாத்திய சின்ன கான்கிரீட் அறையில், மிகத் தாழ்ந்த தொனிகளுக்கு அறையே கை கொடுக்கிறது. மூடிய பெட்டியின் மெதுவான சரிவை அறை பெருமளவு ஈடுகட்டிவிடும். ஆகவே அமெரிக்க வீட்டுக்குப் போதாது என்று ஒதுக்கப்படும் சின்னப் பெட்டி, கொச்சி ஃபிளாட்டின் படுக்கையறைக்குத் தாராளமாகப் போதலாம். மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் மரத்தளம் போட்ட மச்சு அறை என்றால் கணக்கு வேறு. அங்கே தளமே பறையாகிவிடும்.

கான்கிரீட் அறை கை கொடுப்பதோடு நிற்பதில்லை, காலையும் வாரும். அறையின் நீளம் 12 அடி என்றால் 47 ஹெர்ட்ஸில் அலை சுவருக்குச் சுவர் மோதி நின்றுகொள்ளும். 10 அடிக்கு அது 56 ஹெர்ட்ஸ். அகலமும் 10 அடி, கூரை உயரமும் 10 அடி என்றால் 56-ல் இரட்டை வீக்கம். படத்தில் எந்தக் குண்டு வெடித்தாலும் ஒரே மாதிரி 'டும்' என்று கேட்பதன் ரகசியம் இதுதான். சதுர அறை இதற்கு மிக மோசம். சுவரோரம் இப்படி வீங்கும் தொனி, அறையின் நட்டநடுவில் ஏறத்தாழக் காணாமல் போகும். சோபாவை நடுவில் போட்டுவிட்டு 'பெட்டி சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள், முதலில் சோபாவை இரண்டு அடி நகர்த்திப் பார்ப்பது நல்லது.

பெட்டிக்கு இடம் தேட ஒரு பழைய உபாயம் இருக்கிறது. சப்வூஃபரை சோபாவின் மீது வைத்து, அடித்தொனி நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, அறையின் ஓரமாகத் தவழ்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு, சோபாவில் ஆள் உட்காரலாம். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் பலன் ஒன்றுதான். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், செலவு கிடையாது. மூலையில் வைத்தால் சத்தம் அதிகம், ஆனால் வீக்கமும் அதிகம். பட்ஜெட் இருந்தால் பெரிய பெட்டி ஒன்றைவிடச் சின்னப் பெட்டிகள் இரண்டு மேல். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே ஒவ்வொன்றாக வைத்தாலே அறை முழுவதும் தொனி கணிசமாகச் சமப்படும் என்று காட்டியது.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, ஃபோமா? ஃபோம் ஈரத்திலும் வெப்பத்திலும் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். மரத்தூள் பலகைப் பெட்டியைத் தரையோடு ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் அடிப்பாகம் உப்பும். நாலு கால் கொடுத்து உயர்த்துவது நல்லது.

இதெல்லாம் சரியாக அமைந்த பிறகுதான் பெரிய பிரச்னை ஆரம்பமாகிறது: அடுத்த வீடு. சுவர் பேச்சைத் தடுக்கும் அளவுக்கு அடித்தொனியைத் தடுப்பதில்லை. அதிர்வெண் பாதியாகும்தோறும் சுவரின் தடுப்பு சுமார் 6 டெசிபல் குறைகிறது. வசனம் இந்தப் பக்கமே நின்றுவிட, 'டும்' மட்டும் அந்தப் பக்கம் போகிறது. கதை தெரியாதவருக்கு அது குண்டுவெடிப்பு அல்ல, தலைவலி.

சட்டம் உதவுமா? 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. ஆனால் அது 'ஏ' அளவுகோலில் எடுக்கப்படும் டெசிபல். மென்மையான ஒலிகளை மனிதக் காது கேட்கும் விதத்தைப் பின்பற்றி அமைத்தது என்பதால், அந்த அளவுகோல் தாழ்ந்த தொனிகளைத் தள்ளுபடி செய்துவிடும். 40 ஹெர்ட்ஸில் தள்ளுபடி சுமார் 35 டெசிபல். அடுத்த வீட்டுப் படுக்கையறையில் 40 ஹெர்ட்ஸ் உறுமல் 75 டெசிபலில் கேட்டாலும் கருவி 40 என்றுதான் காட்டும். சட்டப்படி எல்லைக்குள், கட்டிலில் படுத்தவருக்குத் தூக்கம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி, தாழ்தொனி மிகுந்த இரைச்சலுக்கு இன்னும் குறைந்த எல்லை வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஆகவே புகார் கொடுப்பவர் கையில் பெரிய ஆயுதம் இல்லை. பொறுப்பு பெட்டி வாங்குபவருடையது. பொதுச்சுவரை ஒட்டி வைக்காமல் இருக்கலாம். அடியில் தடித்த ரப்பர் மெத்தை போட்டுத் தளத்துக்கு இறங்கும் அதிர்வைக் குறைக்கலாம். சோபாவுக்குப் பக்கத்திலேயே வைத்தால் குறைந்த சத்தமே போதும். பல ரிசீவர்களில் உரத்த இடங்களை அடக்கும் இரவுநேர வசதி உண்டு. பத்து மணிக்குமேல் அதைப் போட்டுவிடலாம். திருப்பித் தரும் வசதியோடு விற்கும் கடை கிடைத்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் ஷோரூமில் கேட்ட அடித்தொனி ஷோரூமுடையது.

பெட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று மிச்சம் இருக்கிறது. வழக்கமான சத்தத்தில் படத்தை ஓடவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, அவர்கள் கட்டில் போட்டிருக்கும் சுவரோரமாக ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். எந்த அளவோடு நிறுத்திக்கொள்வது என்பது அங்கே தெரிந்துவிடும்.