கரகரக்கும் குமிழ்

மேலூரில் அப்பத்தா பாடிய ஒப்பாரி எங்களிடம் ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. அதை ஓட்டும் டேப் ரெக்கார்டரின் ஒலிக்குமிழ் கரகரத்தபோது, மதுரையில் மெக்கானிக் ஒருவர், "எடைக்குப் போட்டுருங்க சார்" என்றார். எனக்கு இதில் உடன்பாடில்லை.

கோளாறு குமிழில் இல்லை. அதனடியில் வளைவான கரித்தடம் ஒன்றின்மேல் உலோக நாக்கொன்று உரசி நகர்கிறது. இடையில் தூசியும் தேய்ந்த துகளும் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மின்தொடர்புகளைத் துடைக்கவென்றே விற்கும் திரவத்தைச் சிறிது பீய்ச்சி, இருபது முப்பது முறை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தடமே தேய்ந்திருந்தால் புதிய வால்யூம் கண்ட்ரோல்தான். அங்கும் ஓம் அளவு மட்டும் ஒத்துப்போனால் போதாது. நம் செவி ஒலியை ஏறத்தாழ மடக்கை விகிதத்தில் உணர்வது. நேர்விகிதத் தடத்தைப் பொருத்தினால் கால் திருகலிலேயே சத்தம் எகிறிவிடும், மீதித் திருகல் வீண்.

நாட்டார் பாடல்களை அச்சில் தொகுத்துவிட்டால் போதுமென்று நாம் இலக்கியக்காரர்கள் நம்புகிறோம். அப்பத்தாவின் இழுவையும் விசும்பலும் எந்த எழுத்தில் ஏறும்?

கணினிக்கு மாற்றிவிடலாமே என்பார்கள். மாற்றுவதற்கும் ஓடுகிற கருவி ஒன்று வேண்டுமே! ஹெட்போன் துளைவழி ஒலியை எடுக்கையில் குமிழ் கரகரத்தால் அதுவும் ஒப்பாரியோடு சேர்ந்தே பதிவாகும்.